பொறுமையா வா, கண்ணு

விமானம் தாமதம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு மிகத் தாமதம் என்றார்கள். நான் கிளம்பிய ஜெர்மன் ஊரில் அன்றைக்கு வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. பனி, புயல் என்று எதன்மேலும் பழிபோட வழியில்லாமல், ஏதோ ஒரு உதிரிபாகம் வந்து சேர வேண்டும் என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றது. மஞ்சள் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் மில் மெஷின்களோடு வயிறு வளர்க்கிறவள் நான். மெக்கானிக் எப்போது கைவைக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்பான் என்று எனக்குத் தெரியும். வளைகுடாவில் மாறி ஏற வேண்டிய கோயமுத்தூர் விமானம் எனக்கில்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

மற்ற நாளாக இருந்தால் ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் தம்பிக்குக் கல்யாணம்.

எங்கள் பக்கத்தில் இன்றைக்குப் பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. காரமடைப் பக்கம் தோட்டம் இருக்கிறது, துடியலூரில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற சின்னப் பட்டறை இருக்கிறது, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இருந்தும் காதோரம் நரை எட்டிப் பார்க்கும்வரை அவனுக்கு ஜாதகம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு சாக்கு. கடைசியில் கொடுமுடிப் பக்கத்தில் ஒரு பெண் அமைந்தது. அம்மா அந்தச் செய்தியை என்னிடம் போனில் சொன்னபோது குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். சத்தமாகச் சொன்னால் கலைந்துபோய்விடும் என்று பயந்தவள் மாதிரி இருந்தது.

அதே போனைத் தம்பி பிடுங்கினான்.

"அக்கா, இணைச்சீருக்கு நீதான் நிக்கோணும். வேற ஆரையாச்சும் கொண்டாந்து நிறுத்துனாங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

இணைச்சீர் என்பது எங்கள் சனங்களின் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் செய்கிற சீர். தாலி கட்டுவதற்கு முன்னால் அக்காவோ தங்கையோ மேடையில் அவன் பக்கத்தில் நிற்பாள். மணப்பெண் உடுத்தப்போகிற கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்துவிட்டாலும் கூடப் பிறந்தவளைக் கைவிட்டுவிடாதே என்று ஊரைச் சாட்சி வைத்துச் சொல்கிற இடம் அது. உடன்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பெரியப்பா மகளோ சித்தப்பா மகளோ நிற்பார்கள். என் தம்பிக்கு நான் இருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், நான் புருஷனைப் பிரிந்து வந்தவள். கோர்ட்டு, கையெழுத்து எல்லாம் முறைப்படி முடிந்து, இரண்டு பேரும் அவரவர் வழியில் நிம்மதியாகத்தான் இருக்கிறோம். ஆனால் சீருக்கு நிற்பவள் கழுத்தில் தாலி இருக்க வேண்டும் என்பது வழக்கம். வழக்கத்தோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை. தம்பி கேட்டிருக்காவிட்டால் நானாக அந்தப் பேச்சை எடுத்திருக்க மாட்டேன். அவன் கேட்டுவிட்டான். கேட்ட பிறகு எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. அவ்வளவு வேண்டும் என்று நான் வெகு காலமாக எதையும் நினைத்ததில்லை.

அம்மா போனைத் திரும்ப வாங்கி, "பார்த்துக்கலாம் கண்ணு. மொதல்ல நீ நல்லபடியா வந்து சேரு," என்றாள்.

பிறகு ஒரு நாள், சீர்ச் சேலைக்கு ப்ளவுஸ் தைக்க அளவு அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம் கண்ணு," என்றாள். கல்யாண வேலையில் அம்மாவுக்கு ஞாபகம் எங்கே இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

வளைகுடா விமான நிலையத்தில் இறங்கியபோது, நினைத்தபடியே, கோயமுத்தூர் விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கென்று இருந்த கவுண்டரில் தொடங்கிய வரிசை, கழிப்பறை வாசல்வரை போயிற்று. எல்லோர் கையிலும் போன், எல்லோர் போனிலும் ஒரே மின்னஞ்சல்: தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். ஒரு குழந்தை தரையில் படுத்துக்கொண்டு காலை உதைத்தது. எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அது ஒன்றுதான் மனதில் உள்ளதைச் செய்துகொண்டிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் முதலில் ஒரு சாப்பாட்டுக் கூப்பனை நீட்டினாள். பிறகு, மும்பை வழியாக, நாளை மத்தியானம் கோயமுத்தூர் என்றாள். கல்யாணம் காலையில் என்றேன். "வேறு இடம் இல்லை, மேடம்," என்றாள். முகத்தில் வருத்தமும் இல்லை, பொய்யும் இல்லை. அந்த மாதிரி மனிதர்களோடு பழகிப் பழகி எனக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது. இல்லை என்றால் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடலாம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ வாழைத்தார் எங்கே என்று அதட்டும் சத்தம்.

"ஏம்மா, மத்தியானந்தான் வந்து சேருவேன் போலிருக்குது. சீருக்கு முடியாது."

"அய்யோ சாமி," என்றாள் அம்மா. மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை, உடனே தொடர்ந்தாள். "என்ன பண்றது கண்ணு. ப்ளைட்டு நம்ம கையிலயா இருக்குது? நீ மனசப் போட்டு ஒளப்பிக்காத. பொறுமையா வா. நாங்க எல்லாம் பார்த்துக்கறோம்."

"தம்பிகிட்டக் குடும்மா."

"அவனச் சுத்தி ஆளுக நிக்கறாங்க கண்ணு. நானே பக்குவமாச் சொல்லிப்போடறேன்."

அம்மா இவ்வளவு சுலபமாகச் சமாதானம் ஆனது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. என்னைத் தேற்றுகிறாள் என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டு, மும்பை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே வரிசையின் வாலில் போய் நின்றேன். வேறு வேலை இல்லை. நான் முன்னுக்கு வருவதற்குள் அந்தப் பெண் போய் ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருந்தார். அவரிடம் முதலிலிருந்து சொன்னேன். தம்பி, கல்யாணம், காலை. அவர் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சென்னை விமானத்தில் ஓர் இடம். கடைசி வரிசை, நடு சீட். சென்னையிலிருந்து காலை முதல் விமானத்தில் கோயமுத்தூர். பெட்டி கூடவே வருமா என்று உறுதி சொல்ல முடியாது. இப்போதே ஓட வேண்டும்.

ஓடினேன். அம்மாவுக்குச் சொல்ல நேரமில்லை.

கடைசி வரிசை நடு சீட் என்றால் என்ன என்று அதில் உட்காராதவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. சாய்க்க முடியாது, பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கழிப்பறை. ஜன்னலோரத்தில் இருந்தவர் போர்வைக்குள் போய்விட்டார், சென்னையில்தான் வெளியே வந்தார். வழியோரத்தில் பருமனான ஒரு பெரியவர். கோட்டைமேட்டில் அத்தர் வியாபாரம் செய்கிற பாய். அவரும் என்னைப் போலவே கோயமுத்தூர் விமானத்தைக் கோட்டைவிட்டு இங்கே வந்து விழுந்தவர். அவர் புண்ணியத்தில் எங்கள் வரிசையில் கழிப்பறை வாடை வரவில்லை. மல்லிகையும் சந்தனமும்தான் வந்தது.

"ஏனுங்கம்மா, கோயமுத்தூருங்களா?"

"காரமடைப் பக்கமுங்க."

"அட, நம்மூருங்க!" என்று தன் தட்டிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். என் தட்டிலும் அதே பன் இருந்தது. அவர் கண்ணில் அது படவில்லை. வாங்கிக்கொண்டேன்.

அந்நியரிடம் சொந்தக் கதை பேசுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் முழங்கை முழங்கையோடு இடித்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆறிப்போன சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். தம்பி கல்யாணம், நான்தான் சீர் செய்ய வேண்டும் என்று. பிரிந்து வந்ததையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"தெரியுமுங்க. உங்க சனத்துக் கல்யாணத்துக்கு எத்தனையோ தடவ அத்தர் கொண்டு போயிருக்கறனுங்க. அக்காக்காரி நிக்கறதுதானுங்க அழகு. ஊட்ல சொல்லிட்டீங்களா, இப்படிச் சென்னை வழியா வாரீங்கன்னு?"

"இல்லீங்க, நேரமில்ல. மத்தியானம் வருவேன்னுதான் சொல்லியிருக்கறேன்."

"மத்தியானம்னதுக்கு என்ன சொன்னாங்க?"

"பொறுமையா வா, நாங்க பார்த்துக்கறோம்னாங்க."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"கோவிச்சுக்கிட்டாங்களா? சத்தம் கித்தம் போட்டாங்களா?"

"இல்லீங்களே."

"ஓ," என்றார். பிறகு, இந்த ஜூஸில் இத்தனை சர்க்கரையை எதற்குத்தான் கொட்டுகிறார்களோ என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அதன்பிறகு கல்யாணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. பெண் கேட்டு வருவார்கள், பிடித்திருக்காது. "பார்த்துக்கலாமுங்க, காப்பி சாப்பிடுங்க" என்பார்கள். வந்தவர்கள் காப்பியைக் குடிப்பார்கள், புரிந்துகொள்வார்கள், வாரோமுங்க என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. உண்மையிலேயே ஒருவர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் மரியாதையெல்லாம் பறந்துவிடும். "என்னது, வரமாட்டியா? காலை ஒடிச்சுப்போடுவேன்" என்பார்கள். இது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற ஊரில் இருந்து இருந்து எனக்குக் காது மந்தமாகிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அத்தர்க்காரருக்கு ஒரே வாயில் புரிந்தது எனக்குப் புரியவில்லை. புரிந்தும் புரியாமலும் இருந்தது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. எழுந்து நடக்கலாம் என்றால் அவரை எழுப்ப வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சென்னையில் பெட்டி வரவில்லை. பட்டை சுற்றிச் சுற்றி வந்து காலியாகி நின்றது. புகார் எழுதிக் கொடுக்க நின்றால் உள்நாட்டு விமானம் போய்விடும். பெட்டிக்குள் என் துணிமணியும், தம்பிக்கு வாங்கிய கைக்கடிகாரமும் இருந்தன. போனால் போகிறது என்று விட்டுவிட்டு நடந்தேன். விட்டுவிட்டு வந்த வருத்தம்கூட எனக்கு இல்லை.

நடந்துகொண்டே அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, சென்னைக்கு வந்துட்டேன். காலைல மொத ப்ளைட்டு. சீருக்கு முன்னாடியே வந்துருவேன்."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"அப்படியா கண்ணு," என்றாள் அம்மா. இன்னொரு தடவை, "அப்படியா," என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?"

தம்பிக்கு அனுப்பிய செய்தியில் ஒற்றை டிக் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் போனை யாராவது வாங்கி வைத்துக்கொள்வது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான்.

கோயமுத்தூரில் விமானம் நின்றதும், அத்தர்க்காரர் எழுந்து வழியை அடைத்துக்கொண்டு நின்று, பின்னாலிருந்து முண்டியடித்தவர்களைத் தன் உடம்பாலேயே தடுத்து, "நீங்க போங்கம்மா, நீங்க மொதல்ல போங்க," என்றார். வெளியே டாக்சிக்கு நின்றபோது மறுபடியும் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து என் மணிக்கட்டில் தடவிவிட்டார். "இத்தனை தூரம் வந்த அலுப்புக்கு இதுதானுங்க குளியல். சந்தோசமாப் போயிட்டு வாங்க." முகத்தில் சிரிப்பு இருந்தது. கண்ணில் அத்தனை சிரிப்பு இல்லை.

காளப்பட்டி, சரவணம்பட்டி, துடியலூர். மேட்டுப்பாளையம் ரோட்டில் வழக்கம்போல நெரிசல். தம்பியின் பட்டறை இருக்கிற சந்து வந்தது, போயிற்று, ஷட்டர் இறக்கியிருந்தது. டிரைவர் பாட்டுப் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. பிறந்து வளர்ந்த ரோடு. பார்த்தால் ஏதாவது தோன்ற வேண்டும். ஒன்றும் தோன்றவில்லை. நேரத்துக்குப் போய்விடுவேனா என்பது மட்டும் மண்டைக்குள் மில் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது.

போய்விட்டேன். மண்டப வாசலில் வாழைமரம், தம்பியும் அந்தப் பெண்ணும் சிரிக்கிற பெரிய பேனர். உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. மேடையில் மணவறைக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். எதுவும் தொடங்கவில்லை. அத்தனை விமானத்துக்குப் பிறகும் நான் நேரத்துக்கு வந்திருந்தேன். ஒரு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டோம் என்று முதலும் கடைசியுமாக எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

அம்மா வரவேற்பில் இல்லை. பக்கவாட்டு நடையில் இருந்து வேகமாக வந்து என் கையைப் பிடித்தாள்.

"வந்துபோட்டியா அம்மணி. முகமெல்லாம் இப்படி வாடிப்போச்சே."

"சீர் ஆரம்பிக்கலயேம்மா?"

"இன்னும் நேரமிருக்குது கண்ணு. இந்த ஜீன்ஸோடயா மேடையேறுவே? வா, மொதல்ல தலைக்குத் தண்ணி வாத்துக்க. சீலையெல்லாம் எடுத்து வெச்சிருக்கறேன்."

"தம்பியப் பார்த்துட்டு..."

"குளிச்சுப்போட்டுப் பாரு. அவன் எங்க ஓடிப் போறான்?"

மாடியில் கடைசி அறை. அம்மா கீசரைப் போட்டு, தண்ணீர் காய்ந்ததா என்று கைவைத்துப் பார்த்து, சீயக்காய்த் தூளைக் கரைத்துக்கூடக் கொடுத்தாள். கட்டிலில் பச்சைச் சேலை, மெரூன் கரை, நல்ல சேலைதான். பக்கத்தில் ரெடிமேட் ப்ளவுஸ், யாருக்கும் போடுகிற மாதிரி தொளதொளவென்று. கதவைச் சாத்தும்போது, "மெதுவா ஊத்து கண்ணு, அவசரமில்ல," என்றாள். மெதுவாகத்தான் ஊற்றினேன். மேடை ஏறப்போகிற தலை, அழுக்கில்லாமல் இருக்க வேண்டும் அல்லவா. அத்தர் வாசனை எல்லாம் போகும்வரை தேய்த்தேன். பாதியில் கீழே நாதஸ்வரம் கேட்டது. பெண் வீட்டார் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மா அறையில் இல்லை. தலையைக்கூடத் துவட்டாமல் படியிறங்கினேன்.

மேடையில் தம்பி கிழக்கே பார்த்து நின்றிருந்தான். அருமைக்காரர், எங்கள் கல்யாணங்களை நடத்திவைக்கிற பெரியவர், ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் கையில் கூறைச் சேலையின் ஒரு முனை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு எங்கள் சித்தப்பா மகள், கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். நல்ல பெண். புருஷன், இரண்டு குழந்தைகள், கழுத்து நிறையத் தாலிக்கொடி. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் கண் அவள் முதுகில் போய் நின்றது. ப்ளவுஸ் முதுகு முழுக்க ஆரி வேலை. பெரிய தாமரை ஒன்று, இதழ் இதழாக மணி வைத்து, சேலைக்கரையின் அரக்குச் சிவப்புக்கு ஏற்ற சிவப்பில், அவள் தோளுக்கு அளவெடுத்துத் தைத்தது. ஆரி வேலை என்பது துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு மணியாகக் கோத்து எடுக்கிற வேலை. கல்யாண சீசனில் தையல்கடையில் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். என் விமானம் நின்றது நேற்றுத்தான்.

அந்த உதிரிபாகம் கெட்டுப்போகாமலே இருந்திருந்தாலும், நான் நேரத்தோடு வந்து நேற்றே இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாலும், அந்த மேடையில் எனக்கு இடம் இருந்திருக்காது. எப்படியாவது பக்குவமாக என்னை நகர்த்தியிருப்பார்கள். விமானம் கெட்டது அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. நான் சரிசெய்துகொண்டு வந்ததுதான் தொந்தரவு.

கோபம் வரவில்லை. வர வேண்டிய இடம் சும்மா கிடந்தது. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி முதுகில் இறங்குவதுகூட யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது.

தூணுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். அப்பா போன பிறகு அம்மா எந்தக் கல்யாணத்திலும் தூணுக்கு முன்னால் நின்றதில்லை. யாரும் அவளை அங்கே போகச் சொன்னதில்லை, அவளாகவே போய் நின்றுகொள்வாள். சொந்த மகன் கல்யாணத்திலும் அங்கேதான் நின்றாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து, எனக்கு இடம் விட்டாள். நானும் போய் நின்றேன்.

"அவனுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது கண்ணு. நீ மத்தியானந்தான் வருவேன்னு சொல்லியிருக்கறோம்." மேடையைப் பார்த்தபடியே பேசினாள். "பொண்ணூட்டுல கேட்டாங்க. நேராக் கேக்கல. யாருங்க சீருக்கு நிக்கறாங்கன்னு கேட்டாங்க. எத்தன வருசம் அலைஞ்சு கெடச்ச எடம் கண்ணு. இதுவும் போச்சுன்னா அவன் அப்படியே நின்னுபோவான்."

நானும் மேடையையே பார்த்தேன்.

"அவன்கிட்டச் சொல்லிப்போடாத," என்றாள். "எந்திரிச்சுப் போயிருவான்."

போவான். எனக்கும் தெரியும். ஒரு வார்த்தை போதும். இத்தனை தூரம் நடு சீட்டில் உட்கார்ந்து வந்தவள் கையில் கடைசியில் அந்த ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது.

சீர் முடிந்தது. தாலி கட்டும்போது உடுத்துகிற வேட்டிக்கு மாறத் தம்பி மேடையை விட்டு இறங்கி எங்கள் பக்கமாக வந்தான். நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. தூணைத் தாண்டும்போது என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா! எப்ப வந்தே?"

அம்மாவின் கை என் சேலை மடிப்பைப் பிடித்தது. வெளியே தெரியாமல், ஆனால் நன்றாக இறுக்கி.

"இப்பத்தான்டா," என்றேன். "டாக்சியிலிருந்து நேரா வாரேன். கொஞ்சத்துல விட்டுப்போச்சு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பச்சைச் சேலையைப் பார்த்தான். என் முடியிலிருந்து ஒரு சொட்டு தோளில் விழுந்து சேலையில் பரவியது, அதையும் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். பின்னாலிருந்து யாரோ, "மாப்பிள்ள, நேரமாச்சுங்க, சீக்கிரம் வாங்க," என்று கூப்பிட்டார்கள்.

அவன் தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவன் உடனே விடவில்லை. இரண்டாவது தடவை கூப்பிடும்வரை பிடித்துக்கொண்டு நின்றான்.

"தலையத் துவட்டுக்கா," என்றான். "சளி புடிச்சுக்கும்."

அவன் போன பிறகுதான் எனக்குக் குளிர் தெரிந்தது.